நின்று செல்லும் வண்டி

விரைவே வளர்ச்சியின் அளவுகோலாகக் கருதப்படும் காலம் இது. சிற்றூர்தோறும் நின்று மெல்லச் செல்லும் தொடர்வண்டிக்கு இக்காலத்தில் இடமுண்டா? அதன் மெதுவான ஓட்டத்தில் கிடைக்கும் இன்பங்கள் யாவை? இழப்புகள் யாவை? மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வைகை விரைவுவண்டி தொடங்கப்பட்டபோது, இரு நகரங்களையும் ஒரே பகலில் கடந்துவிடலாம் என்பது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. 2019இல் தேஜஸ் வந்தது. 2023இல் வந்தே பாரத் வந்தது. இன்று அத்தொலைவை ஆறு மணி நேரத்துக்குள் கடக்க முடிகிறது.

அதே மதுரைச் சந்திப்பிலிருந்து இராமேசுவரத்துக்குச் செல்லும் சாதாரண வண்டி, 161 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரத்தை நெருங்கும் காலத்தை எடுத்துக்கொள்கிறது. மக்கள் அதனைப் 'பாசஞ்சர்' என்று அழைக்கின்றனர். விரைவுவண்டியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியே அதன் வேகம். எனினும், அவ்வண்டியின் இருக்கைகள் காலியாக இருப்பதில்லை. அதற்குக் காரணம் ஏழ்மை மட்டும் என்றால் அது பாதி உண்மை. இயற்கையழகு மட்டும் என்றால் அதுவும் பாதி உண்மையே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெல்லச் செல்லும் பயணத்தின் முழுப்பொருள் விளங்கும்.

சாளரத்தில் ஐந்திணை

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது, தொழில், உணவு, உரிப்பொருள் ஆகியவற்றை வரையறுத்த மரபு தமிழ் மரபு. அந்த ஐந்திணையையும் ஏட்டில் மட்டுமன்றி நேரிலும் காண விரும்பும் மாணவர், மதுரையிலிருந்து இரண்டு பயணங்களை மேற்கொண்டாலே போதும்.

மேற்கே போடிநாயக்கனூர் செல்லும் பாதை 90 கிலோமீட்டர் நீளமுடையது. கண்மாய்ப் பாசன வயல்களையும் நாகமலைத் தொடரையும் கண்டபடி வண்டி நகரத்தை விட்டு விலகுகிறது. உசிலம்பட்டியை நெருங்கும்போது நஞ்சை குறைந்து, மழையை நம்பிய புன்செய் விரிகிறது, ஆடுகள் மேய்கின்றன. மருதம் முல்லையாக மாறும் எல்லை எது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஆனால், மாறிவிட்டது என்பதைக் கண் அறியும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் தேனிப் பள்ளத்தாக்கு திறக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற போடியில், குறிஞ்சியின் வாயிலில் பயணம் முடிகிறது.

கிழக்கே செல்லும் இராமேசுவரப் பாதை வேறொரு பாடத்தை நடத்துகிறது. சிலைமான், திருப்புவனம் வரை வைகையின் தென்னந்தோப்புகள் உடன் வருகின்றன. மண்பாண்டத் தொழிலுக்குப் புகழ்பெற்ற மானாமதுரையைக் கடந்து பரமக்குடி, இராமநாதபுரம் என்று செல்லச் செல்லப் பசுமை மெலிகிறது. பனையும் சீமைக்கருவேலும் நிலத்தை ஆள்கின்றன. வறட்சியால் திரிந்த நிலமே பாலை என்னும் கருத்தை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மண்டபத்தை அடைந்ததும் உப்புக்காற்று முகத்தில் மோதுகிறது. பாம்பன் பாலத்தின்மீது வண்டி ஊர்கையில் இருபுறமும் கடல். கீழே மீன்பிடி படகுகள். மருதத்தில் புறப்பட்டவர் நெய்தலில் இறங்குகிறார்.

இக்காட்சிகள் விரைவுவண்டியிலும் வரும், ஆனால், நிலைக்கா. குளிரூட்டப்பட்ட பெட்டியின் மூடிய கண்ணாடிக்கு அப்பால் நிலம் ஒரு நிறமாக ஓடி மறைகிறது. மெல்லச் செல்லும் வண்டியிலோ ஊரின் பெயர்ப்பலகையை நின்று படிக்கலாம். அப்பலகையின் அடியில், அந்நிலையம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்கும். மேற்கே செல்லும்போது அந்த எண் கூடுவதையும் கிழக்கே செல்லும்போது குறைவதையும் கவனிக்கும் மாணவருக்கு, வைகை ஏன் கிழக்கு நோக்கி ஓடுகிறது என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் ஓர் ஊர்

சாளரத்துக்கு வெளியே இருப்பது ஓர் இன்பம். பெட்டிக்குள்ளே இருப்பது மற்றோர் இன்பம். முன்பதிவற்ற பெட்டியில் இருக்கைக்கு எண் இல்லை. "சற்றுத் தள்ளி உட்காருங்கள்" என்ற ஒரு சொல்லில் மூவர் இருக்கை நால்வர் இருக்கையாகிறது. பூக்கூடையுடன் ஏறும் பெண், கல்லூரிக்குச் செல்லும் மாணவர், கண் மருத்துவத்துக்காக மதுரைக்கு வரும் முதியவர், திருமணத்துக்குச் செல்லும் குடும்பம் ஆகியோர் ஒரே பெட்டியில் எதிரெதிரே அமர்கின்றனர். பேச்சு மழையில் தொடங்கும், விளைச்சலில் நடைபோடும், பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்கும். நிலையத்துக்கு நிலையம் கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் சுண்டலும் ஏறி இறங்கும்.

அந்தக் கூடைகளுக்கு இடமிருப்பதுதான் இவ்வண்டியின் பெருஞ்சிறப்பு. காய்கறியையும் பூவையும் விற்று அன்றாடம் வாழ்வோருக்கு, குறைந்த கட்டணத்தில் தம்மையும் தம் சரக்கையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் ஊர்தி வேண்டும். நகரங்களுக்கு இடையே பறக்கும் வண்டி அவர்களுடைய ஊரில் நிற்பதில்லை. நின்றாலும் அதன் கட்டணம் அவர்களுடைய ஒருநாள் வருவாயை விழுங்கிவிடும்.

மெதுவின் விலை

இன்பங்களைப் பாடிவிட்டு இன்னல்களை மறைப்பது நேர்மையாகாது. மெல்லச் செல்லும் பயணத்துக்கு ஒரு விலை உண்டு. அவ்விலை நேரமாகச் செலுத்தப்படுகிறது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்றால்தான் மற்றொன்று கடக்க முடியும். அப்போது ஒதுங்கி நிற்பது பெரும்பாலும் சாதாரண வண்டியே. விரைவுவண்டி சில மணித்துளிகள் தாமதமானால் அத்தாமதத்தையும் சாதாரண வண்டியே சுமக்கிறது. சித்திரை வெயிலில், நிழலற்ற சிறு நிலையத்தில், மின்விசிறி சுழன்றும் காற்று வராத பெட்டியில், காரணம் அறிவிக்கப்படாமல் அரைமணி நேரம் காத்திருக்கும் பயணிக்குச் சாளரக் காட்சி ஆறுதல் தராது. தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கும் மருத்துவரைக் காணச் செல்லும் நோயாளிக்கும் அக்காத்திருப்பு அச்சத்தையே தரும். தினக்கூலிக்குச் செல்வோர் ஒருமணி நேரம் தாமதமாகச் சென்றால் அன்றைய வேலையையே இழக்கக்கூடும்.

குடிநீரின்மை, தூய்மையற்ற கழிப்பறை, திருவிழாக் காலங்களில் மூச்சுமுட்டும் நெரிசல் ஆகியவையும் இப்பயணத்தின் பகுதிகளே. கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கும் மாற்றுத்திறனாளிக்கும் இவை வெறும் அசௌகரியங்கள் அல்ல. பயணத்தையே கைவிடச் செய்யும் தடைகள். நிலையம் ஊரைவிட்டுத் தொலைவில் இருக்குமாயின், இறங்கிய பின்னரும் ஒரு பயணம் எஞ்சியிருக்கும். பேருந்தோ ஊரின் நடுவே கொண்டுபோய் இறக்கிவிடும். மக்கள் பேருந்தை நாடுவதற்குப் போதிய காரணங்கள் உள்ளன.

விருப்பத்தால் மெல்லச் செல்பவரையும் வேறுவழியின்றி மெல்லச் செல்பவரையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. விடுமுறை நாளில் சாளர ஓரம் அமரும் சுற்றுலாப் பயணி, விரும்பினால் அடுத்த முறை விரைவுவண்டியில் செல்வார். நாள்தோறும் செல்லும் தொழிலாளிக்கு அத்தெரிவு இல்லை. முன்னவரின் இன்பத்தைக் காட்டிப் பின்னவரின் இன்னலை நியாயப்படுத்தலாகாது.

போடிப் பாதை கற்பிக்கும் பாடம்

இவ்விரு பக்கங்களையும் ஒருசேர விளக்கும் வரலாறு போடிப் பாதைக்கு உண்டு. மலைவிளைபொருள்களைச் சமவெளிக்குக் கொண்டுவரும் நோக்குடன் 1928இல் மதுரைக்கும் போடிக்கும் இடையே மீட்டர்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், 1950களில் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள், மலைகளைப் பார்த்தபடி ஆடி அசைந்து சென்ற அவ்வண்டி அப்பகுதி மக்களின் வாழ்வோடு கலந்திருந்தது.

அகலப்பாதையாக மாற்றுவதற்காக, 2010ஆம் ஆண்டு முடிந்த கையோடு அவ்வண்டி நிறுத்தப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைகளை உடைத்துப் பாதையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. நிதி ஒதுக்கீடும் சீராக அமையவில்லை. 2022 மே மாதத்தில் தேனி வரையும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரையும் வண்டி மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தை, தன் ஊருக்கு வந்த முதல் வண்டியைக் காணும்போது பள்ளியில் ஐந்தாறு வகுப்புகளைக் கடந்திருந்தது.

புதிய வண்டி பழையதைவிட விரைவானது. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டிய காலத்தில் போடியை அடைகிறது. வாரத்தில் மூன்று நாள்கள் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி வண்டியும் கிடைத்தது. இவை யாவும் மறுக்க முடியாத நன்மைகள். எனினும், சேவை தொடங்கியபோது வகுக்கப்பட்ட கால அட்டவணையில் ஒரு குறை இருந்தது. காலையில் மதுரையிலிருந்து புறப்படும் வண்டி, மாலையில் மதுரைக்குத் திரும்புமாறு அட்டவணை அமைந்தது. உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் தேனியிலும் வாழ்வோருக்குக் காலையில் மதுரைக்குச் செல்வதும் மாலையில் வீடு திரும்புவதுமே தேவை. கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம், சந்தை ஆகியவை மதுரையில் காலையில் திறந்து மாலையில் மூடுகின்றன. பாதை வந்தது, வண்டி வந்தது, அவர்களுக்குரிய பொழுதில் வரவில்லை. நகரத்திலிருந்து மலையைக் காணச் செல்பவருக்கு ஏற்ற அட்டவணை, மலையடிவாரத்திலிருந்து நகரத்துக்கு வாழ்வு தேடி வருபவருக்கு ஏற்றதாகாது.

[தெரிந்து தெளிவோம்: தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலம் மீட்டர்பாதையில் 1000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1676 மில்லிமீட்டர். இருவகைப் பாதைகளும் சந்திக்கும் இடங்களில் பயணிகள் வண்டி மாற வேண்டியிருந்தது. சரக்குகளை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஒரே அளவுப் பாதையை அமைக்கும் திட்டத்தை இந்திய இரயில்வே 1992இல் தொடங்கியது.]

காட்சியும் பணியிடமும்

மெல்லச் செல்வதையே விற்பனைப் பொருளாக்கிய நாடுகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்சுக்கும் இடையே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ 290 கிலோமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உலகின் மிக மெதுவான விரைவுவண்டி என்பதே அதற்கான விளம்பரம். நார்வே நாட்டின் பொதுத்துறைத் தொலைக்காட்சி, பெர்கனுக்கும் ஆஸ்லோவுக்கும் இடையிலான தொடர்வண்டிப் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கும் மேலாக 2009இல் ஒளிபரப்பியது. வண்டியிலிருந்து தெரியும் காட்சிகளை மக்கள் வீட்டிலிருந்தே கண்டு மகிழ்ந்தனர்.

தமிழ்நாட்டில் அத்தகைய பெருமை நீலகிரி மலை இரயிலுக்கு உரியது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். மேலேறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டே வண்டி ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. அங்கே மெதுவான ஓட்டம் மலையின் சரிவால் விளைவது. அதனை விரும்பியே மக்கள் ஏறுகின்றனர். அவசரமாகச் செல்வோருக்குப் பேருந்து உண்டு. ஆகவே, அங்கு யாருக்கும் இழப்பில்லை.

ஆனால், சாளரத்துக்கு வெளியே தெரிவது எப்போதும் வெறும் காட்சியன்று. இலங்கையின் கண்டியிலிருந்து பதுளை செல்லும் மலைப்பாதை, உலகப் பயணிகள் பெரிதும் விரும்பும் பாதைகளுள் ஒன்று. காப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே மலையகத்தில் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. இன்று பயணி படம்பிடிக்கும் பச்சைச் சரிவு, கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணுக்குப் பணியிடம். மதுரைச் சமவெளியிலும் அவ்வாறே. பயணிக்குக் கவின்மிகு வயல், உழவருக்குக் கடனும் உழைப்பும் கலந்த நிலம். மெல்லச் செல்லும் வண்டி இவ்வுண்மையை உணர வாய்ப்பளிக்கிறது. உழவரும் தொழிலாளரும் அவ்வண்டியிலேயே ஏறி அருகில் அமர்வதால், காட்சியாகத் தெரிந்தவர் சகபயணியாகிறார். இந்த அறிவை எந்தக் கண்ணாடிக் கூரைப் பெட்டியும் தராது.

நிற்பது வேறு, தேங்குவது வேறு

இதுகாறும் கண்டவற்றை எடைபோட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. வண்டி மெதுவாகச் செல்வதற்கு இருவகைக் காரணங்கள் உள்ளன. ஊர்தோறும் மக்களை ஏற்றி இறக்குவதற்காக நிற்பது ஒன்று. பாதை போதாமையாலும் திட்டமிடல் போதாமையாலும் இடைவழியில் தேங்குவது மற்றொன்று. முன்னது சேவை, பின்னது குறைபாடு. மெதுவான பயணத்தைப் புகழ்வோர் பின்னதையும் சேர்த்துப் புகழ்கின்றனர். அதனை இகழ்வோர் முன்னதையும் சேர்த்து ஒழிக்க எண்ணுகின்றனர். இரு சாராரும் பிழை செய்கின்றனர்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் செலவு உண்டு என்னும் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. வேகத்தைக் குறைப்பது, நிற்பது, மீண்டும் வேகமெடுப்பது ஆகியவற்றால் நேரமும் ஆற்றலும் செலவாகின்றன. பின்னால் வரும் வண்டிக்கும் பாதை கிடைக்கத் தாமதமாகிறது. ஆனால், இச்சிக்கலுக்குத் தொழில்நுட்பம் தீர்வு தருகிறது. இழுவை மோட்டார்கள் பல பெட்டிகளில் பொருத்தப்பட்ட 'மெமு' வகை மின்தொடர் வண்டிகள் விரைவில் வேகமெடுக்கின்றன, விரைவில் நிற்கின்றன, கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாற்ற வேண்டியதும் இல்லை. நிறுத்தங்களைக் குறைக்காமலேயே பயண நேரத்தைக் குறைக்க இதனால் இயலும். மதுரை வழியாகச் செல்லும் முதன்மைப் பாதை இரட்டைப் பாதையானபின், எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் தேவை அங்கு இல்லாமற் போனது. தேங்குதலை ஒழிக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

பயணிகள் குறைவு என்பது மற்றொரு வாதம். வண்டி உரிய நேரத்தில் வராததால் மக்கள் நிலையத்தை மறக்கின்றனர்; மக்கள் வராததால் நிறுத்தம் நீக்கப்படுகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலில் எது முதல், எது முடிவு என்று கூறுவது கடினம். ஆகவே, மக்களுக்கு ஏற்ற பொழுதில், ஏற்ற கட்டணத்தில் வண்டியை இயக்கிப் பார்த்த பின்னரே பயணிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுதல் முறை.

கட்டணத்தின் இன்றியமையாமையை அண்மைய வரலாறு உணர்த்தியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்ட சாதாரண வண்டிகள் மீண்டும் இயக்கப்பட்டபோது, விரைவுவண்டிக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயானது. நிறுத்தமும் வேகமும் பழையன. கட்டணம் மட்டும் புதியது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. 20 ரூபாய் வேறுபாடு சிலருக்குப் பொருட்டன்று. நாள்தோறும் இருமுறை பயணிக்கும் கூடைக்காரருக்கு அது நாளொன்றுக்கு 40 ரூபாய். மாதத்துக்கு 25 நாள்கள் என்று கொண்டால் 1000 ரூபாய்.

விரைவுவண்டி நாட்டுக்குத் தேவை. மதுரையைச் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அருகில் கொண்டுவந்தது அதுவே. ஆயினும், மதுரையை உசிலம்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் பரமக்குடிக்கும் அருகில் வைத்திருப்பது நின்று செல்லும் வண்டியே. முன்னதற்கு வழிவிடுவதற்காகப் பின்னதைக் காத்திருக்க வைக்கும் ஒவ்வொரு முறையும், யாருடைய நேரம் மதிப்புடையது என்பது பற்றி ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அம்முடிவு பேசாமல் எடுக்கப்படுவதால் அது முடிவு என்பதே புலப்படுவதில்லை.

சிற்றூரின் நடைமேடையில் வண்டி நிற்கும் அந்த ஒரு மணித்துளியில் பூக்கூடை ஏறுகிறது, பள்ளிப்பை இறங்குகிறது, நோயாளியின் கையைப் பிடித்து ஒருவர் ஏற்றிவிடுகிறார். அந்த மணித்துளியை வீண் என்று கணக்கெழுதும் அட்டவணை திருத்தப்பட வேண்டியது. வழியில் காரணமின்றித் தேங்கும் அரைமணி நேரமோ, எந்த அழகின் பெயராலும் காக்கப்பட வேண்டியதன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தில் நின்று செல்லும் வண்டிகளின் நேரத்தைத் தொகுத்து, அவை மாணவர், தொழிலாளர், வணிகர் ஆகியோருக்கு ஏற்றனவாக உள்ளனவா என்பதை ஆராய்ந்து எழுதுக.

2. நீங்கள் மேற்கொண்ட ஒரு பயணத்தில் கண்ட நிலக்காட்சிகளை ஐந்திணை அடிப்படையில் வகைப்படுத்துக.

3. 'சிறு நிலையங்களில் வண்டி நிற்பது தேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.